டூட்டு தட்டு மாதிரி நிக்கிறது கம்பியால இல்ல

நீங்க கேட்டது இதுதான்: 9 வயசுப் பொண்ணு பாலே கத்துக்கிறா, வருஷக் கடைசி நிகழ்ச்சிக்கு டூட்டு வேணும்னு ஒரே அடம், அந்தப் பாவாடை இடுப்பைச் சுத்தி தட்டு மாதிரி படுத்துக்கிட்டு நிக்குதே உள்ள கம்பி வெச்சிருக்காங்களா, யார் இதைக் கண்டுபிடிச்சது, நம்ம தெரு டெய்லர்கிட்ட கொடுத்தா தைப்பாரா. பார்க்க மூணு கேள்வி மாதிரி இருக்கு, ஆனா அடியில ஒரே கேள்விதான், துணி எப்படி தாங்கிப் பிடிக்க ஆளில்லாம நிக்குதுங்கிறது. அது புரிஞ்சா டெய்லர்கிட்ட என்ன சொல்லணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். நான் லண்டன்ல மேடை உடை தைக்கிற ஒரு ஒர்க்‌ஷாப்ல 11 வருஷம் வேலை பார்த்தவ, அதுல பாதி நாள் நெட் துணியோடதான் போச்சு. நான் கத்துக்கிட்டது இங்கிலாந்து முறை, ரஷ்யாவுல தைக்கிற விதத்தை தைச்ச டூட்டுகளைப் பிரிச்சுப் பார்த்து தெரிஞ்சுக்கிட்டதோட சரி, அதனால நான் சொல்றதுதான் ஒரே வழின்னு எடுத்துக்காதீங்க.

முதல்ல கம்பி விஷயம். இருக்கு, ஆனா எல்லா டூட்டுலயும் இல்ல, இருக்கிறதுலயும் பாவாடையை தூக்கிப் பிடிக்கிறது அது இல்ல. தூக்கிப் பிடிக்கிறது கீழ இருக்கிற சின்னச் சின்ன ஃப்ரில்லுங்க. ஒரு டூட்டுவை தலைகீழா கவுத்துப் பாருங்க, ஒரு ஜட்டி தெரியும், அந்த ஜட்டி மேலதான் வரிசை வரிசையா நெட் ஃப்ரில் தைச்சிருக்கும். தொடைகிட்ட இருக்கிற முதல் வரிசை ரெண்டு விரல் அகலம்தான் இருக்கும், அதுக்கு மேல இருக்கிறது இன்னும் கொஞ்சம் அகலம், அப்படியே ஏறி ஏறி 10, 12 வரிசைக்கு மேல போய் கடைசி வரிசை 35, 40 சென்டிமீட்டர் வரைக்கும் நீட்டிக்கிட்டு இருக்கும். ஒவ்வொண்ணும் தனக்கு மேல இருக்கிறதை கீழ விழ விடாம முட்டுக் கொடுக்குது. வாழைத்தாருக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி ஒரே கழி இல்ல, நூத்துக்கணக்கான சின்னச் சுருக்கம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. கம்பி, சரியா சொன்னா மெல்லிசான பட்டை ஸ்டீல் வளையம், நடுவுல ஏதாவது ஒரு அடுக்குல ஒரு சின்னக் குழாய் மாதிரி துணி தைச்சு அதுக்குள்ள போகும், அதோட வேலை வெளி ஓரம் அலை அலையா இறங்காம சமமா வெச்சுக்கிறது மட்டும்தான். கீழ ஃப்ரில் சரியா இல்லாம வளையத்தை மட்டும் நம்பினீங்கன்னா, குழந்தை ஒரு பக்கம் சாஞ்சா மறுபக்கம் தட்டு தூக்கிக்கும்.

எவ்வளவு நெட் வேணும்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க, ஏன் இது சாதாரணப் பாவாடை இல்லன்னு புரியும். பெரிய ஆளோட இடுப்புச் சுத்து 90 சென்டிமீட்டர்னு வெச்சுக்குங்க, அதுல இருந்து 38 சென்டிமீட்டர் வெளிய நீட்டினா வெளி ஓரத்தோட சுத்தளவு கிட்டத்தட்ட 3.3 மீட்டர். அதாவது மேல் அடுக்கு ஒண்ணே ஒண்ணு, சுருக்கமே இல்லாம மட்டமா விரிஞ்சு நிக்கறதுக்கே 3.3 மீட்டர் நீளப் பட்டை வேணும், கொஞ்சம் உப்பலா இருக்கணும்னா அதுக்கும் மேல. அந்த மொத்த நீளத்தையும் 90 சென்டிமீட்டர்ல சுருக்கித் தைக்கணும். இதை 12 தடவை செய்யணும், ஜட்டி துணியோ இழுபடுற துணி, மிஷின் ஊசிக்கு அடியில ஏற்கனவே தைச்ச நெட் மொத்தமும் குவிஞ்சு கிடக்கும், கையால விலக்கி விலக்கித் தைக்கணும். மேடைக்குப் போற முழு டூட்டு ஒண்ணுக்கு மேல போடுற பாடி, அலங்காரம் எல்லாம் சேர்த்து எனக்கு 100 மணி நேரம் கிட்ட ஆகும். வேகமா தைக்கிறவங்க இருக்காங்க, நான் அந்த ரகம் இல்ல.

இப்ப யார் கண்டுபிடிச்சதுங்கிற கேள்வி. இணையத்துல தேடினா மரீ டாக்லியோனின்னு ஒரு பாலே ஆட்டக்காரி பேர் வரும், 1832 மார்ச் 12, பாரிஸ் ஓபரா, லா சில்ஃபீட்ங்கிற பாலே, அவங்க அப்பா ஃபிலிப்போ டாக்லியோனி அமைச்சது. அந்த நாள், அந்த ஆட்டம், அவங்க போட்டிருந்த வெள்ளை மெல்லிசுத் துணிப் பாவாடை, அது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவுல மணி மாதிரி விரிஞ்சு நின்னது, இதெல்லாம் உறுதி. அந்த உடையை வரைஞ்சது ஓவியர் யூஜின் லாமின்னு எல்லா இடத்துலயும் எழுதியிருப்பாங்க, அது அவ்வளவு உறுதி இல்ல, அந்த பாலேவுக்கு அவர் உடை வரைஞ்சார்ங்கிறது வேற, குறிப்பா டாக்லியோனியோட அந்த வெள்ளை உடையை வரைஞ்சார்ங்கிறதுக்கு அவர் கையால வரைஞ்ச படம் கிடைச்சதில்ல. என்னைக் கேட்டா இதுக்கு ஒரு தனி ஆளைத் தேடுறதே சரியில்ல. அதுக்கு 100 வருஷம் முன்னாடியே அதே பாரிஸ்ல மரீ காமர்கோங்கிற ஆட்டக்காரி காலோட வேலைப்பாடு தெரியணும்னு பாவாடையை கணுக்காலுக்கு மேல தூக்கிட்டாங்க, லாங்க்ரே வரைஞ்ச ஓவியத்துல இன்னிக்கும் அதைப் பார்க்கலாம். 1734ல மரீ சாலே லண்டன்ல, பக்கவாட்டுல விரியற கூண்டு எதுவும் வெச்சுக்காம வெறும் மஸ்லின் உடையோட ஆடினாங்க. ஆட்டத்துல கால் என்ன பண்ண ஆரம்பிச்சதோ அதைக் காட்ட பாவாடை விலகிக் கொடுத்துக்கிட்டே வந்திருக்கு, அவ்வளவுதான் இந்த வரலாறு. டாக்லியோனி விரல் நுனியில ஏறி நின்னாங்க, அதனால பாதம் தெரியணும், அதே நேரம் தரையில கால் படாத காத்துப் பொண்ணு மாதிரியும் தெரியணும், அதுக்கு வெளிச்சம் ஊடுருவிப் போற வெள்ளைத் துணி.

அந்தத் துணிக்கும் வெளிச்சத்துக்கும் பின்னால ரெண்டு மிஷின் கதை இருக்கு, இதை யாரும் அதிகமா சொல்றதில்ல. 1809ல ஜான் ஹீத்கோட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் ஆறு மூலைக் கண்ணி வெச்ச நெட்டை மிஷின்ல நெய்யறதுக்கு காப்புரிமை வாங்கினார், அதுக்கு முன்னாடி நெட்டுன்னா பெரும்பாலும் கையால பின்ற லேஸ், பணக்காரங்க கழுத்துக்கும் கைக்கும்தான் கட்டுப்படி ஆகும், மேடையில 20, 30 பொண்ணுங்களுக்கு பாவாடையா தைக்க முடியாது. ரெண்டாவது கேஸ் விளக்கு, பாரிஸ் ஓபராவுக்கு 1822ல வந்துச்சு. திரி விளக்கு மாதிரி இல்லாம கேஸை ஏத்தி இறக்கலாம், மங்கலா நிலா வெளிச்சம் மாதிரி காட்டலாம், அதுல வெள்ளைத் துணி பேய் மாதிரி மிதக்கும். 1841ல வந்த ஜிசெல்ங்கிற பாலேல ராத்திரி காட்டுல ஆடுற செத்துப்போன பொண்ணுங்க கூட்டம் முழுக்க இந்தத் துணியும் இந்த வெளிச்சமும் சேர்ந்து செஞ்ச வேலைதான்.

அதே துணியும் அதே விளக்கும் பொண்ணுங்களைக் கொன்னுச்சு, அதையும் சொல்லியே ஆகணும். கஞ்சி போட்ட மெல்லிசுப் பருத்தித் துணி, நடுவுல நடுவுல காத்து, பக்கத்துல திறந்த நெருப்பு. 1844ல லண்டன்ல கிளாரா வெப்ஸ்டர்ங்கிற ஆட்டக்காரி மேடையிலயே தீப்பிடிச்சு, சில நாள்ல செத்துப் போனாங்க. பாரிஸ்ல எம்மா லிவ்ரீன்னு ஒரு பொண்ணு, டாக்லியோனியே பக்கத்துல வெச்சு வளர்த்த மாணவி, டாக்லியோனி அமைச்ச ஒரே பாலே அந்தப் பொண்ணுக்காகத்தான், 1860ல வந்த லெ பாப்பியோன், இசை ஆஃபன்பாக். தீப்பிடிக்காம இருக்க துணியை ரசாயனத்துல முக்கி எடுக்கற முறை அப்பவே வந்துடுச்சு, ஆனா முக்கினா துணி விறைச்சு மஞ்சள் பூத்து வெளிச்சத்துல செத்த மாதிரி இருக்கும், எம்மா அது வேணாம்னு மறுத்து, பொறுப்பு என்னோடதுன்னு எழுதியே கொடுத்தாங்க. 1862 நவம்பர் 15, ஒத்திகை, மேடைக்குப் போறதுக்கு முன்னாடி பாவாடை கசங்காம இருக்கத் தூக்கி உதறினாங்க, பக்கத்துல கேஸ் விளக்கு. எட்டு மாசம் படுக்கையில கிடந்து 1863 ஜூலை 26 இறந்துட்டாங்க, 20 வயசு. அன்னிக்குப் போட்டிருந்த உடையில எரியாம மிஞ்சின துண்டுங்க இன்னும் பாரிஸ் ஓபரா மியூசியத்துல இருக்கு. ஒரு பெட்டிக்குள்ள கருகின துணி, அவ்வளவுதான். நான் நெட் வாங்கும்போது ஒரு துண்டை வெட்டி தீக்குச்சி காட்டிப் பார்க்காம வாங்கறதில்ல, அதுக்குக் காரணம் இந்தப் பொண்ணு.

டூட்டுங்கிற பேரைப் பத்தியும் சொல்லிடறேன். இது பிரெஞ்சு வார்த்தை, 1880 வாக்குலதான் எழுத்துல வருது, அதாவது டாக்லியோனி தன் பாவாடையை டூட்டுன்னு சொல்லியிருக்க வாய்ப்பே இல்ல. டியூல்ங்கிற நெட் துணிப் பேர்ல இருந்து வந்துச்சுன்னு ஒரு பேச்சு உண்டு, அகராதிக்காரங்க பெரும்பாலும் ஏத்துக்கறது வேற, குழந்தைங்க பின்புறத்தைச் சொல்ற ஒரு பிரெஞ்சு செல்லச் சொல்லு திரிஞ்சு இப்படி ஆயிடுச்சுன்னு. ஜட்டி மேல தைச்ச பாவாடைங்கிறதால எனக்கும் ரெண்டாவதுதான் பொருத்தமா படுது, ஆனா இது சத்தியம் பண்ற அளவுக்கு இல்ல.

பெரும்பாலானவங்க தப்பா நினைக்கிற ஒரு விஷயம், ஸ்வான் லேக்ங்கிற பாலே வந்த காலத்துலயே டூட்டு தட்டு மாதிரிதான் இருந்துச்சுன்னு. இல்லவே இல்ல. 1885ல இத்தாலியில இருந்து வர்ஜீனியா சுக்கிங்கிற ஆட்டக்காரி ரஷ்யாவுக்குப் போனாங்க, நீளப் பாவாடை பாட்டிங்களுக்குத்தான்னு சொல்லி குட்டையாக்கச் சொன்னாங்கன்னு ஒரு கதை, கதைதான். ஆனா இத்தாலிக்காரங்க கொண்டுவந்த கடுமையான சுத்து, குதி இதுக்கெல்லாம் முழங்கால் தெரிய வேண்டியிருந்தது நிஜம். 1895ல பீட்டர்ஸ்பர்க்ல பியரீனா லென்யானி ஸ்வான் லேக்ல ஒத்தைக் கால்ல 32 சுத்து சுத்தினாங்களே, அந்தக் கால போட்டோவைத் தேடிப் பாருங்க, பாவாடை முழங்கால் கிட்ட வரைக்கும் பூசணிக்காய் மாதிரி உப்பி இறங்கியிருக்கும். ரஷ்ய ஆட்டக்காரி அன்னா பாவ்லோவாவோட செத்துப்போற அன்னப்பறவை உடையும் அப்படித்தான். பிரெஞ்சு ஓவியர் தேகா வரைஞ்ச பாலே பொண்ணுங்களும் அப்படித்தான், அவர் 1881ல காட்சிக்கு வெச்ச 14 வயசுப் பொண்ணு சிலைக்கு நிஜத் துணியிலயே பாவாடை போட்டு விட்டார், அதைப் பார்த்தாலே தெரியும். அன்னிக்கு இருந்த கஞ்சித் துணியால தட்டு மாதிரி நிக்கவும் முடியாது, வேர்வை பட்டா கஞ்சி கரைஞ்சு தொங்கிடும். இன்னிக்கு நாம பார்க்கிற படுக்கைத் தட்டு 20ஆம் நூற்றாண்டுல கொஞ்சம் கொஞ்சமா வந்தது, 1940களுக்கு அப்புறம் நைலான் நெட் வந்ததும்தான் முழுசா நிலைச்சது. நைலானுக்கு கஞ்சியே வேண்டாம், வேர்வைக்கு அசையாது, வெட்டின ஓரம் பிரியாது அதனால ஓரம் அடிக்கவும் வேண்டாம்.

பாவ்லோவான்னதும் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். நம்ம ருக்மிணி தேவி பாவ்லோவா ஆட்டத்தைப் பார்த்து மயங்கி, அவங்க குழுவுல இருந்த கிளியோ நோர்டிகிட்ட பாலே கத்துக்கிட்டவங்க, உங்க நாட்டு ஆட்டத்தையும் போய்த் தேடுங்கன்னு பாவ்லோவா சொன்னது அவங்க வாழ்க்கையையே திருப்பிடுச்சு. அதுக்கப்புறம்தான் பரதம், 1936ல கலாக்ஷேத்ரா, புடவையைக் கட்டிக்கிறதுக்குப் பதிலா தைச்சுப் போடுற உடை. அரைமண்டியில உக்காரும்போது முன்னால விசிறி விரியுதே, அதைத் தைக்கிறவங்ககிட்ட பேசிப் பாருங்க, எந்த மடிப்பு எங்க நிக்கணும்னு அவங்க கவலைப்படுறதும் நான் நெட்டோட கவலைப்படுறதும் ஒண்ணுதான், கால் போற வழிக்கு துணி குறுக்க வரக்கூடாது.

வளையம் இல்லாத டூட்டு பத்தி சொன்னேன் இல்லையா, அது நியூயார்க்ல வந்தது. இப்ப உக்ரைன்ல இருக்கிற கார்கீவ்ல பொறந்த பார்பரா கரின்ஸ்காங்கிற அம்மா, அங்க பாலே அமைச்ச பாலன்சின்னோட பாலேக்களுக்கு உடை தைச்சவங்க. பாலன்சின் மேடையில நிறைய பொண்ணுங்களை நெருக்கி நெருக்கி நிறுத்தி வேகமா ஆட வைப்பார், கம்பி வளையம் போட்ட தட்டு ஒண்ணோட ஒண்ணு இடிச்சா இடிச்ச பக்கம் அமுங்கி எதிர்ப்பக்கம் எகிறும், வரிசை முழுக்க ஆட்டம் காணும். 1950ல சிம்ஃபனி இன் சி பாலேக்கு இந்த அம்மா வளையத்தையே எடுத்துட்டாங்க, 6, 7 அடுக்குதான், குட்டையா, அடுக்குகளை தளர்வா இணைச்சு, பவுடர் பஃப் மாதிரி உப்பலா. இடிச்சாலும் அமுங்கி திரும்பி வந்துடும். பேரே பவுடர் பஃப் டூட்டு. என் கண்ணுக்கு இதுதான் இருக்கிறதுலயே புத்திசாலித்தனமான டூட்டு, உங்க பொண்ணுக்கும் இதைத்தான் சொல்லப் போறேன்.

மேல போடுற பாடி தனிக் கலை, அதை ரொம்ப இழுக்கல. நம்ம ஜாக்கெட் மாதிரிதான் ஆனா 10, 12 துண்டு சேர்த்து, உள்ள நீட்டாத அழுத்தமான பருத்தித் துணி வெச்சு, இடுப்புல இருந்து கீழ ஒரு பட்டை வெச்சு அதுல பாவாடையை சேர்க்கறது. ஜிப் கூடவே கூடாது, ஆட்டத்துக்கு நடுவுல ஜிப் பல்லு விட்டா அந்தப் பொண்ணு மேடையில நிக்க முடியாது. நம்ம ஜாக்கெட் மாதிரி ஹூக்கும் நூல் வளையமும்தான், ஒண்ணு பிஞ்சாலும் மிச்சம் தாங்கும், ரெண்டு மூணு வரிசை வளையம் வெச்சா உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் வேற ஆள் போட்டாலும் சரியா வரும். பெரிய கம்பெனிகள்ல ஒரே டூட்டுக்குள்ள நாலஞ்சு பேர் பேரெழுதின துணி வரிசையா தைச்சிருக்கும், பல வருஷம் கைமாறிப் போகும். இன்னொண்ணு, ஆண் ஆட்டக்காரர் கை வைக்கிற இடுப்புப் பக்கத்துல கல்லு, ஜமிக்கி எதுவும் வைக்கக் கூடாது, கை கிழியும், நெட்டும் கிழியும்.

நான் முதல்ல தைச்ச டூட்டு மேடைக்குப் போகவே இல்ல. அடுக்குகளை ஒண்ணோட ஒண்ணு உள்பக்கமா நூல் விட்டு தளர்வா கோர்க்கணும், அது ஒரு தையல் மாதிரியே இருக்காது, நூல் ரெண்டு அடுக்குக்கும் நடுவுல தொங்கலா ஆடணும். நான் ஜாக்கெட் தைச்ச கையால இழுத்து இறுக்கித் தைச்சுட்டேன், மேல் அடுக்கு முழுக்க குடை மடங்கின மாதிரி சுருங்கி கீழ இறங்கிடுச்சு. எனக்குச் சொல்லிக்கொடுத்தவங்க எதுவும் பேசாம உக்காந்து நூல் ஒவ்வொண்ணா அறுத்தாங்க, திரும்பக் கோர்க்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. உங்க டெய்லரும் முதல் தடவை இதே தப்பைத்தான் பண்ணுவார், ஏன்னா நல்லா தைக்கிற கை எதையும் இறுக்கித்தான் தைக்கும்.

சரி, உங்க பொண்ணுக்கு. 9 வயசுக்கு முழுத் தட்டு டூட்டு வேண்டாம், காசுக்காக மட்டும் சொல்லல, அந்த வயசுல கத்துக்கிற ஆட்டத்துக்கு அது தேவைப்படாது, கையைக் கீழ இறக்கும்போதெல்லாம் தட்டுல இடிக்கும், கண்ணும் அதுலயே இருக்கும். ஆறு அடுக்கு பவுடர் பஃப் போதும். லெஹங்கா, பட்டுப்பாவாடைக்கு உள்ள கேன் கேன் வெச்சுத் தைக்கிற டெய்லரா பார்த்துப் போங்க, நெட் சுருக்கிப் பழகின கை அவருக்கு இருக்கும். கீழ் நாலு அடுக்குக்கு அந்த விறைப்பான கேன் கேன் நெட்டு, மேல் ரெண்டுக்கு மெல்லிசு நெட்டு, விறைப்பு நெட்டு தொடையில நேரா உரசினா சிவந்துடும் அதனால முதல் வரிசை மட்டும் மெல்லிசா இருந்தாலும் பரவாயில்ல. நெட்டை ரெண்டு பக்கமும் இழுத்துப் பாருங்க, ஒரு பக்கம் இழுபடும், இன்னொரு பக்கம் விறைப்பா நிக்கும், விறைப்பா நிக்கிற பக்கம் இடுப்புல இருந்து வெளிய நீட்டுற திசையில வரணும், இது மாறிட்டா எத்தனை அடுக்கு வெச்சாலும் தொங்கும். ஜட்டியை நல்ல கனமான பருத்தி பனியன் துணியில, கோடு போட்டுக்கிட்டு அந்தக் கோட்டு மேலயே ஃப்ரில் தைக்கச் சொல்லுங்க.

அளவு கொடுக்கும்போது இடுப்பு, மார்பு மட்டும் கொடுத்தா பத்தாது. ஒரு தோள்ல டேப்பை வெச்சு முன்பக்கமா இறக்கி காலுக்கு நடுவால கொண்டுபோய் பின்பக்கமா ஏத்தி அதே தோளுக்குக் கொண்டுவாங்க, அந்த அளவு குறைஞ்சா குழந்தை கையைத் தூக்கின உடனே ஜட்டி இழுத்துப் பிடிக்கும். இன்னிக்கு எடுத்த அளவோட 2 சென்டிமீட்டர் சேர்த்துக்குங்க, நிகழ்ச்சிக்கு இன்னும் நாலு மாசம் இருக்குன்னு சொன்னீங்க, அதுக்குள்ள வளர்ந்துடுவா. தைச்சு வந்ததும் மடிச்சு அலமாரியில வைக்காதீங்க, ஜட்டியில ரெண்டு நாடா தைச்சு தலைகீழா தொங்க விடுங்க, ஃப்ரில் எல்லாம் ஜட்டியை விட்டு விலகி விரிஞ்சு நிக்கும்.